இராவணன் மீசை உருளும் கரை

எங்கள் வளவின் பின்வேலிக்கும் கடலுக்கும் இடையில் நாலைந்து வீடுகளும் ஒரு மணல் ஒழுங்கையும்தான் இருந்தன. சுபஹு வாங்குக்கு முன்பே கரைவலைக்காரர்கள் ஒருவரையொருவர் கூப்பிடும் சத்தம் கேட்கும். வாடைக் காலத்தில் அலை அறையும் வேகத்தில் யன்னல் அதிரும். வாப்பாவின் சாரத்தில் எந்த நேரமும் மணலும் மீன் செதிலும் ஒட்டியிருக்கும். இவ்வளவு கிட்ட இருந்தும், பத்து வயது தாண்டிய பிறகு எனக்கும் ராத்தாவுக்கும் கடற்கரைக்குப் போகக் கிடைத்த நாட்கள் குறைவு. பெருநாள் பின்னேரம் போவோம். கடற்கரைப் பள்ளியில் நாகூர் ஆண்டகையின் பெயரால் கொடியேற்றி, மௌலூது ஓதி, கந்தூரிச் சோறு கொடுக்கும் நாட்களில் போவோம். அப்போதும் சனத்துக்குள் உம்மாவின் கையைப் பிடித்தபடி நடந்து, சனத்துக்குள்ளேயே திரும்பி வருவோம். கல்முனைக்குடியில் பிறந்த எங்களுக்குக் கடல் காதால் தெரிந்த இடமாக இருந்தது.

2003ஆம் ஆண்டு ஓகஸ்ட் விடுமுறையில்தான் அது மாறியது. முந்திய வருடம் பெப்ரவரியில் போர்நிறுத்த ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தது. பொத்துவில் வீதியில் பஸ்ஸை நிறுத்தி, எல்லாரையும் இறக்கி நடக்கவிட்டு, மறுபடி ஏற்றும் சோதனைச் சாவடிகள் தளர்ந்திருந்தன. 1985 முதல் மூடிக் கிடந்த யால கிழக்குப் பூங்கா, இன்று குமண என்கிறோமே அது, அந்த வருடம்தான் மறுபடி திறந்தது. ஊரில் எல்லாருக்கும் எங்காவது போய்வர வேண்டும் என்ற ஆசை. எங்கள் பாடசாலையில் சுற்றாடல் முன்னோடிப் படையணிக்குப் பொறுப்பாக இருந்த டீச்சருக்கும் அந்த ஆசை வந்தது. அவர் ஆசைப்பட்டது எங்களுக்காக.

முன்னோடிப் படையணி மத்திய சுற்றாடல் அதிகாரசபை நாடு முழுவதும் பாடசாலைகளில் நடத்துகிற திட்டம். படிப்படியாகப் பதக்கங்கள் உண்டு. ஜனாதிபதிப் பதக்கம் வரை போகலாம். பதக்கத்துக்காகவே பெயர் கொடுத்தவர்கள் நாங்கள். அதுவரை நாங்கள் செய்ததெல்லாம் பாடசாலை முற்றத்தில் பூமரம் நட்டதும், ஜூன் 5ஆம் திகதி சுற்றாடல் தினத்தில் பதாகை பிடித்து நின்றதும்தான். விடுமுறை விடுவதற்கு முந்திய நாள் டீச்சர் எங்களைக் கூப்பிட்டு, ஒரு கிழமைக்குத் தினமும் விடியற்காலையில் வெளியே போகப்போகிறோம், கடற்கரை, தோணா, வயல் வட்டை, கிட்டங்கி எல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியில் லகுகல தேசிய பூங்காவுக்குப் போவோம் என்றார். கொப்பியும் பென்சிலும் போதும். கமரா வேண்டாம். பதக்கத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

வீட்டில் உம்மா மறுத்தார். பெரிய பிள்ளையாகப் போகிற வயதில் விடியற்காலையில் கடற்கரையில் என்ன வேலை என்பது அவர் கேள்வி. டீச்சர் ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கினார். எங்கள் வீட்டுத் திண்ணையில் இருந்து பிளேன்டீ குடித்துக்கொண்டு பொறுமையாகப் பேசினார். ஓதுகிற நேரத்தில் கைவைக்கமாட்டேன், சுபஹு தொழுதபின் போய் வெயில் ஏறுமுன் வந்துவிடுவோம் என்றார். உம்மா பதில் சொல்லாமல் உள்ளே போனார். மூத்தம்மா பாக்கு வெட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தவர், தலையை நிமிர்த்தாமல் சொன்னார்: “எண்ட பேத்தியளோட நானும் வாறன். அப்ப செரிதானே?”

அதோடு பேச்சு முடிந்தது. டீச்சருக்கு அந்த நிமிஷத்திலேயே வேறொன்று தோன்றியிருக்க வேண்டும். முதல் நாள் கரையில் எங்களை நிறுத்திவிட்டு அவர் பின்னுக்குப் போனார். மூத்தம்மாவை முன்னுக்கு வரச் சொன்னார். “இண்டைக்கு இவங்கதான் டீச்சர்” என்றார். அந்தக் கிழமை முழுவதும் அப்படித்தான் நடந்தது. கொழும்பிலிருந்தோ கண்டியிலிருந்தோ அவர் யாரையும் அழைக்கவில்லை. எந்த இடத்துக்குப் போனாலும் அந்த இடத்தில் பிழைக்கிற ஒருவர் எங்களுக்கு வழிகாட்டினார். டீச்சர் கேள்வி மட்டும் கேட்டார். இத்தனை வருடம் கழித்து நினைத்துப் பார்க்கும்போதும், ஒரு ஆசிரியர் செய்யக்கூடிய பெரிய காரியம் அதுவென்றே எனக்குப் படுகிறது.

ஓகஸ்டில் எங்கள் பக்கம் கச்சான் காற்று வீசும். மேற்கே மலையைத் தாண்டி ஈரமெல்லாம் இழந்து, வட்டையின் சூட்டையும் அள்ளிக்கொண்டு வருகிற காற்று. உதடு வெடிக்கும். கடல் மட்டும் அப்போது அமைதியாக இருக்கும். அன்று காலை அந்தக் காற்றில் முள்ளுருண்டைகள் கரையெல்லாம் உருண்டு திரிந்தன. சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது கண்டிருக்கிறோம். பெயர் இராவணன் மீசை என்றும் தெரியும். அது செடியின் எந்தப் பாகம் என்று யாரும் யோசித்ததில்லை. மூத்தம்மா முக்காட்டைப் பல்லில் கடித்துக்கொண்டு குனிந்து ஒன்றைப் பிடித்தார். மணலில் ஓடிக் கிடந்த கொடித்தண்டைக் காட்டி, அந்தத் தண்டில்தான் இது காய்த்தது, காய்ந்தபின் முறிந்து காற்றோடு போகிறது என்றார். டீச்சர் எங்களைச் செடி செடியாகப் பார்க்கவிட்டார். சில செடிகளில் உருண்டையே இல்லை, மெல்லிய கதிர்கள் மட்டும். இராவணன் மீசையில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. உருண்டை பெண் செடியினது. அது உருளும் வழியெல்லாம் விதை உதிர்கிறது. ஈர மணலில் தங்கிய இடத்தில் முளைக்கிறது. காலையில் கச்சான் அதைக் கடலுக்குத் தள்ளும். பின்னேரக் கடற்காற்று திருப்பிக் கரைக்கு விரட்டும்.

அதற்குப் பக்கத்தில் அடம்பன் கொடி படர்ந்து கிடந்தது. நடுவில் பிளந்து ஆட்டுக் குளம்பாக இருக்கும் இலை, ஊதா நிறப் பூ. அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்ற பழமொழியைப் பாடப் புத்தகத்தில் மனனம் செய்திருந்தோம். கொடியைக் கையால் இழுத்துப் பார்த்தது அன்றுதான். ஒற்றைக் கொடி சுலபமாக வந்தது. கூட்டமாகக் கிடந்ததை மூன்று பேர் சேர்ந்து இழுத்தும் அசைக்க முடியவில்லை, ஒவ்வொரு கணுவிலும் வேர் விட்டிருந்தது. இலையை நெருப்பில் வாட்டி வீக்கத்துக்கு ஒத்தடம் கொடுப்பது, கடற்சொறி பட்ட இடத்தில் சாறு பிழிந்து பூசுவது என்று மூத்தம்மா சொல்லிக்கொண்டே போனார். தாய்லாந்துக் கரையிலும் கடற்சொறி பட்டதற்கு இதே கொடியைத்தான் பயன்படுத்துகிறார்கள் என்று பல வருடம் கழித்து வாசித்தபோது எனக்கு அவர் முகம்தான் கண்ணில் வந்தது. “இதுகள வெட்டப்போடா மனே. இது இரிக்கிற வரைக்கும்தான் மணல் நிக்கும்” என்று கொப்பியில் எழுதிக்கொண்டிருந்த ஒரு பையனிடம் அவர் சொன்னார். அதையும் அவன் எழுதிக்கொண்டான்.

பிறகு டீச்சர் ஆளுக்கொரு நண்டுப் பொந்தைக் கொடுத்தார். பொந்துக்கு இரண்டு முழம் தள்ளி மணலில் குப்புறப் படுத்து, அசையாமல் கிடக்க வேண்டும். வெள்ளைச் சீருடையோடு மணலில் படுப்பதா என்று ராத்தா தயங்கினாள். மூத்தம்மாவே அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். என் பொந்தில் வெகு நேரம் ஒன்றுமில்லை. பிறகு இரண்டு கண்கள் மட்டும் காம்பின் மேல் நிமிர்ந்து வெளியே வந்தன. உடல் வரவில்லை. கண்கள் சுற்றிப் பார்த்துவிட்டு உள்ளே போயின. மறுபடி வந்தபோது ஒரு பக்கக் கால்களுக்கிடையில் மணலை அணைத்துக்கொண்டு வெளியே வந்து, வீசி எறிந்துவிட்டு ஓடியது. அப்படிப் பலமுறை. ஒரு தடவை கண்ணில் மணல் பட்டது; காம்பை மடித்துக் கண்ணை ஓட்டின் பள்ளத்துக்குள் வைத்து, வாய்ப்பக்கத்துக் கையால் துடைத்துவிட்டு மறுபடி நிமிர்த்தியது. மணல் நிறத்து ஓட்டுக்குள் ஈரம் மினுங்கியதைக்கூடப் பார்த்தேன். ஒரு உயிர் தன் வீட்டைத் துப்புரவாக்குவதை அவ்வளவு கிட்ட, அவ்வளவு நேரம் நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

மறுநாள் கரைவலை. வாப்பாவின் வலையில் தோணியின் முன்னுக்கு நிற்கும் மூத்தவர்தான் அன்றைய வழிகாட்டி. ஊரில் பாதிப்பேருக்கு அவர் மூத்தப்பா. வலையின் ஒரு கயிற்றைக் கரையில் விட்டுவிட்டுத் தோணி கடலுக்குள் போய், அரைவட்டமாக வலையை இறக்கிக்கொண்டு, மற்றக் கயிற்றோடு வேறிடத்தில் கரை சேரும். இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று அம்பா பாடிக்கொண்டு இழுப்பார்கள். அந்தப் பாட்டுத்தான் எனக்கு இத்தனை வருடமும் சுபஹு நேரத்தில் கேட்ட சத்தம் என்று அன்று கண்டுகொண்டேன். இரண்டு கூட்டமும் இழுத்தபடியே ஒன்றையொன்று நெருங்கி வர, வலையின் மடி மெல்லக் கரைக்கு வரும். வாடை தொடங்கிவிட்டால் இந்த வேலை நிற்கும். எங்கள் வீட்டில் கடனும் சிக்கனமும் தொடங்குவது அந்த மாதங்களில்தான்.

மடியை அவிழ்த்தபோது மீன் வியாபாரிகள் ஒருபக்கம் சூழ்ந்தார்கள். மூத்தப்பா எங்களை மறுபக்கம் கூப்பிட்டு, விற்க முடியாமல் ஒதுக்கியதை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். பேத்தை மீன் காற்றை விழுங்கிப் பந்தாகியது. அதைத் தின்றால் ஆளைக் கொல்லும் என்று சொல்லிக் கடலுக்குள் எறிந்தார். கை நடுங்காமல் ஒரு தடியால் கடற்பாம்பைத் தூக்கித் தண்ணீர் ஓரத்தில் விட்டார். அதன் வால் துடுப்பாகத் தட்டையாக இருப்பதைப் பார்க்கச் சொன்னார். டீச்சரிடம் ஜி. எம். ஹென்றி 1955இல் எழுதிய இலங்கைப் பறவைகள் நூல் இருந்தது, ஓரம் பிய்ந்த நூலகப் பிரதி. அதில் கடற்பறவைப் படங்களைத் திறந்து மூத்தப்பாவிடம் கொடுத்தார். எழுத வாசிக்கத் தெரியாத மனிதர். விரலை நனைக்காமல் பக்கத்தைத் திருப்பி, இது எந்த மாதம் வரும், எந்த மீன் ஓடும்போது இது மேலே வட்டமிடும் என்று படம் படமாகச் சொன்னார். உள்ளான்கள் இன்னும் வரவில்லை, அடுத்த மாதக் கடைசியில் பாருங்கள் என்றார். வடதுருவப் பக்கத்திலிருந்து அவை வருகின்றன என்று டீச்சர் சொன்னதும் நிமிர்ந்து, “அங்க இரிந்தா?” என்று மட்டும் கேட்டார். கயிறு இழுத்துக்கொண்டிருந்த வாப்பா அன்று முழுக்க என் பக்கம் திரும்பிப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார்.

தோணாவுக்குப் போன நாளைப் பற்றி எழுத அதிகமில்லை. சாய்ந்தமருதுப் பக்கத்து அந்த நீர்நிலையில் அப்போதே குப்பை விழத் தொடங்கியிருந்தது. நாற்றத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு கரையில் நின்றோம். ஒரு மீன்கொத்தி பிளாஸ்டிக் கான் ஒன்றின் மேல் இருந்து பாய்ந்து, மீனோடு மேலே வந்தது. அதை எல்லாரும் கொப்பியில் வரைந்தோம். கானையும் வரையச் சொன்னார் டீச்சர்.

கரைவாகு வட்டைக்கு ட்ரக்டர் பெட்டியில் ஏறிப் போனோம். கல்முனைக்குடியின் முதுகுப்பக்கம் அது. கடலைப் பார்த்தபடி வாழும் ஊருக்குச் சோறு வருவது அங்கிருந்துதான். 1949இல் தொடங்கிக் கட்டிய இங்கினியாகலை அணையும் சேனாநாயக்க சமுத்திரமும் வந்தபிறகு கல்லோயாத் தண்ணீர் சிறுபோகத்துக்கும் கிடைத்தது என்று, வட்டையில் தண்ணீர் காக்கும் வட்டவிதானை விளக்கினார். தோளில் மண்வெட்டியும் காலில் செருப்பில்லாமலும் நடந்த மனிதர். பாதி வயல் வெட்டியாகிவிட்டது. தாள் மட்டும் நின்ற வயலில் எங்களை வரம்போடு வரிசையாக நடக்கவைத்து, ஓரிடத்தில் கையை நீட்டி மறித்தார். தலைக்கு மேல் ஆள்காட்டி கத்திக்கொண்டு சுற்றியது.

“மிதிச்சிராதீங்க புள்ளயள்” என்றார்.

எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. மண்கட்டிதான் தெரிந்தது. அவர் காட்டிய இடத்தில் கண்ணை வைத்தபடி நின்றோம். மெல்ல மெல்ல நாலு முட்டைகள் கண்ணுக்குத் தெளிந்தன: மண்ணின் நிறம், அதில் கறுப்புத் திட்டுகள், கூரான முனை நான்கும் நடுவில் சேர்ந்திருந்தன. கூடு கிடையாது. வெறும் தரையில் ஒரு சிறு குழி, ஓரத்தில் கொஞ்சம் ஆட்டுப் புழுக்கை. பக்கத்தில் ஒரு கம்பு நட்டு, அதில் சிவப்புத் துணி கட்டியிருந்தது. வெட்டுக்காரர்களுக்கும் ட்ரக்டர்காரருக்கும் அடையாளமாக அவர்தான் கட்டியிருந்தார். இதற்கு யாரும் சம்பளம் தருவதில்லை. ஏன் செய்கிறீர்கள் என்று டீச்சர் கேட்டார். இரவில் வட்டைக்குள் ஆள் நடமாடினால் முதலில் சொல்வது இந்தப் பறவை, அதன் குஞ்சுக்கு நாம் இடம்விடாமல் இருந்தால் சரியா என்று அவர் திருப்பிக் கேட்டார்.

தண்ணீர் தேங்கிய பள்ளத்தில் நத்தைகுத்தி நாரைகள் நின்றன. அலகை மூடினாலும் நடுவில் இடைவெளி தெரியும். குஞ்சுக்கு அந்த இடைவெளி இருக்காது. வளர வளரத்தான் வரும். தண்ணீருக்குள் அலகை விட்டு, நத்தையின் மூடியை நீக்கி, உள்ளிருக்கும் சதையை மட்டும் இழுத்தெடுக்கும். ஓடு பெரும்பாலும் உடையாமல் மிஞ்சும். வரம்பில் அப்படிக் குவிந்து கிடந்த ஓடுகளைப் பொறுக்கிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டேன். நெல்லைக் கடிக்கும் நத்தையைத் தின்பதால் இந்த நாரையை யாரும் கல்லால் எறிவதில்லை என்றார் வட்டவிதானை.

கிட்டங்கிக்குப் போனது நற்பிட்டிமுனை வழியாக. மட்டக்களப்பு வாவியின் தென்கோடித் தண்ணீர் அது. மாரியில் வீதிக்கு மேலாகவே வெள்ளம் ஓடும்; அக்கரையிலிருக்கும் நாவிதன்வெளி, சவளக்கடைப் பிள்ளைகள் தோணியில் வந்து படிப்பார்கள். ஓகஸ்டில் தண்ணீர் வற்றி, ஆற்றுவாழை பச்சையாக மூடிக் கிடந்தது. சேனைக்குடியிருப்பைச் சேர்ந்த ஒரு மீன்பிடி அண்ணன் தோணியோடு காத்திருந்தார். இந்த ஆற்றுவாழை எங்கள் நாட்டுச் செடி இல்லை; தென்னமெரிக்காவிலிருந்து அழகுக்காகக் கொண்டுவந்தது. அதை ஒழிக்க 1909இலேயே இலங்கையில் தனியாக ஒரு சட்டம் போட்டார்கள் என்று டீச்சர் சொன்னதும் அந்த அண்ணன் தலையை ஆட்டினார். “சட்டத்துக்கு நீந்தத் தெரியாதே, பிள்ளையள். நாங்கள்தான் இறங்கி இழுக்கிறம்.” அவர் ஒரு பிடி செடியைத் தூக்கினார். தொங்கிய வேர்க்கொத்தை ஒரு பேசினில் அலசினார். குஞ்சு இறால், நீர்ப்பூச்சி, நூலளவு மீன்குஞ்சு என்று பேசின் நிறைந்தது. வேண்டாத செடியின் வேரிலும் உயிர்கள் குடியிருந்தன. முதலை படுக்கும் மேட்டை அவர் தூரத்தில் காட்டினார். முதலை அன்று வெளியே வரவில்லை. அது வழுக்கி இறங்கிய தடம் மட்டும் சேற்றில் தெரிந்தது.

கடைசி நாளுக்கு ஒரு பஸ் பிடித்தார்கள். உம்மா முந்திய இரவே இறைச்சி ஆணமும் சோறும் வாழையிலையில் கட்டினார். அந்தக் கிழமைக்குள் அவரும் மாறியிருந்தார். “கடப்பாம்புட வால் அப்பிடித் தட்டையா?” என்று இரண்டு முறை என்னிடம் கேட்டார். சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று தெரிந்த ஊர்கள் கழிந்தன. தம்பிலுவில், திருக்கோவில் தாண்டிக் கோமாரிப் பக்கம் வந்ததும் வீடுகள் அருகிப் பற்றைக்காடு தொடங்கியது. அந்த வீதியில் எங்களில் பலர் அதற்குமுன் போனதேயில்லை. பஸ்ஸுக்குள் மூத்தம்மா ஃபீல் சூராவின் கதையைச் சொன்னார். கஃபாவை இடிக்க யானையோடு வந்த அப்ரஹாவின் படையை, கல் சுமந்து வந்த சின்னப் பறவைகள் அழித்த கதை. ஓதப் போகும் பிள்ளைகள் எல்லாருக்கும் பாடமான சின்ன சூரா. எங்களுக்குத் தெரிந்த முதல் யானை அதில் வருவதுதான். நேரில் யானை கண்டவர்கள் எங்களில் யாருமில்லை.

பொத்துவிலில் ளுஹர் தொழுதுவிட்டு மொனராகலை வீதியில் திரும்பினோம். லகுகல சிறிய பூங்கா, 1,554 ஹெக்டேயர்தான். 1980 ஒக்டோபர் 31இல் தேசிய பூங்காவானது. லகுகல, கித்துலான, செங்கமுவ என்று மூன்று குளங்கள். பூங்கா சிறிதாக இருந்தும் யானைகள் அங்கே கூடக் காரணம் குளத்துக்குள் வளரும் பேருப் புல். ஆளுயரத்துக்கும் மேல் வளரும். மற்ற இடங்களெல்லாம் கச்சானில் காய்ந்து கிடக்கும் ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் குளத்துச் சேற்றில் இந்தப் புல் பச்சையாக நிற்கும். அதைத் தேடி யானைகள் சுற்றுக் காடுகளிலிருந்து வரும்.

வனசீவராசிகள் திணைக்களத்து உத்தியோகத்தர் ஒருவர் எங்களைக் குளக்கட்டுக்குக் கூட்டிப்போனார். சிங்களவர்; தமிழில் நிதானமாகப் பேசினார். கட்டில் ஏறுமுன் ஒரு பிடி புழுதியை அள்ளிக் காற்றில் விட்டுப் பார்த்தார். எங்கள் வாசனை யானைப் பக்கம் போகக்கூடாது என்று இடத்தை மாற்றினார். பேசக்கூடாது, ஓடக்கூடாது, விரலை நீட்டிக் காட்டவும் வேண்டாம் என்றார். கட்டில் உட்கார்ந்தோம். முன்னால் புல் மட்டும். வெயில் சாயத் தொடங்கியது. தூரத்தில் கொக்குகள் சில மேலே எழும்பி மறுபடி இறங்கின. அந்த இடத்தைப் பாருங்கள் என்று அவர் கண்ணால் காட்டினார். யானை நடக்கும்போது புல்லிலிருந்து கலையும் பூச்சிகளுக்காகக் கொக்கு கூடவே வருமாம். முதலில் ஒரு முதுகு தெரிந்தது. பிறகு அதன் பக்கத்தில் புல்லின் நுனிகள் மட்டும் பிரிந்து பிரிந்து அசைந்தன. அது குட்டி. புல் அதை முழுதாக மறைத்திருந்தது.

தாய் யானை துதிக்கையால் ஒரு கட்டுப் புல்லைச் சுற்றிப் பிடித்தது. முன்னங்காலால் அடியில் ஒரு உதை. வேரோடு வந்தது. உடனே வாய்க்குள் வைக்கவில்லை. வேர்ப்பக்கத்தைத் தன் முழங்காலில் அடித்தது. சேறு தெறித்தது. திருப்பி மறுபடி அடித்தது. தண்ணீரில் ஒருமுறை அலசியது. அதன் பிறகுதான் வாயில் வைத்தது. எங்கள் உம்மாமார் கீரை கழுவுவதில் இதைவிடக் கவனம் காட்டியதை நான் கண்டதில்லை. ஒரு யானை ஒரு நாளைக்குச் சுமார் 150 கிலோ தின்னும் என்றும், இலங்கை யானைகளில் தந்தம் உள்ளவை ஆண்களிலும் நூற்றுக்கு ஏழு அளவில்தான் என்றும் உத்தியோகத்தர் மெதுவாகச் சொன்னார். இந்தச் சின்னப் பூங்காவுக்குள் மட்டும் இவை வாழ முடியாது. கல்லோயாப் பக்கமும் யால பக்கமும் போய்வரக் காட்டுவழி வேண்டும், வழியை மறித்தால் யானை ஊருக்குள்தான் வரும் என்றும் சொன்னார். அஸர் நேரம் முடியப்போகிறது என்று மூத்தம்மா எழுந்தார். கட்டின் சரிவில் ஒரு துண்டை விரித்தார். அவர் தொழுது முடிக்கும்வரை உத்தியோகத்தர் அவருக்கும் குளத்துக்கும் இடையில் நின்றார்.

இவ்வளவும் நடந்து பதினாறு மாதத்துக்குள், 2004 டிசம்பர் 26ஆம் திகதி காலையில், எங்கள் வளவையும் அந்த ஒழுங்கையையும் கடல் எடுத்தது. மூத்தம்மாவையும், பறவைப் படங்களைப் பார்த்துச் சொன்ன மூத்தப்பாவையும் அன்று இழந்தோம். கல்முனைக்குடியில் ஒருவரையும் இழக்காத குடும்பம் அரிது. என் கொப்பியும் போனது. கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாது என்று அரசாங்கம் சொல்ல, நாங்கள் உள்பக்கம் குடிபெயர்ந்தோம். அடுத்த வருடம் கரைக்குப் போனபோது இடிந்த அத்திவாரங்களுக்கிடையில் யாரும் நடாமலே முளைத்திருந்தவை இராவணன் மீசையும் அடம்பனும்தான். யாலவில் மணல்மேட்டை வெட்டித் தாழ்த்திய இடத்துக்குள் அலை எளிதாகப் புகுந்ததையும், மேடு நின்ற இடங்கள் தாக்குப்பிடித்ததையும் சுனாமிக்குப் பின் ஆய்வாளர்கள் எழுதினார்கள். மூத்தம்மா அதைக் கரையில் நின்று முன்பே சொல்லியிருந்தார்.

எங்கள் பக்கம் நல்ல செய்தியும் உண்டு. குமண 2010இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. மற்றவை அப்படியில்லை. ஒலுவில் துறைமுகம் வந்தபிறகு ஒலுவில், நிந்தவூர்க் கரைகளைக் கடல் அரித்தது. வட்டையின் ஓரம் கிரவல் கொட்டி நிரப்பப்படுகிறது. நாரை நின்ற பள்ளங்கள் வீட்டுக் காணிகளாகின்றன. அம்பாறை மாவட்டத்தின் பள்ளக்காட்டில் சுற்று ஊர்களின் குப்பை கொட்டும் திறந்த மேட்டில், பிளாஸ்டிக்கைத் தின்று எட்டு ஆண்டுகளில் சுமார் 20 யானைகள் செத்ததாக 2022 ஜனவரியில் செய்தி வந்தது. வெட்டிப் பார்த்தபோது வயிற்றில் ஷொப்பிங் பை இருந்ததாம். அந்தச் செய்தியை வாசித்த நாளில், வேர்ச் சேற்றை முழங்காலில் அடித்து உதறி, தண்ணீரில் அலசித் தின்ற அந்த யானையை நினைத்து எனக்கு வெகுநேரம் பேச்சு வரவில்லை. அவ்வளவு சுத்தம் பார்த்துத் தின்கிற விலங்கு அது. உணவின் வாசனை ஒட்டிய பையை அதற்கு எப்படி அலசத் தெரியும்?

டீச்சர் ஓய்வுபெற்று ஊரில்தான் இருக்கிறார். அந்த மாதிரி ஒரு கிழமை பிறகு நடக்கவில்லை. பிள்ளைகளுக்கு டியூஷன், புலமைப்பரிசில், சாதாரணதரம் என்று விடுமுறையே இல்லாமல் போய்விட்டது. அதற்குப் பெருந்தொகை பணமும் தேவைப்படவில்லை என்பதைச் சொல்ல வேண்டும்: ஒரு பஸ் வாடகை, ஒரு ட்ரக்டர், கொப்பி, பென்சில். கரைவலைக்காரர்கள் இன்றும் விடியற்காலையில் வலை இழுக்கிறார்கள். வட்டையில் தண்ணீர் காக்கிறவர்கள் இருக்கிறார்கள். கிட்டங்கியில் வலை வீசுகிறவர்கள் இருக்கிறார்கள். மூலிகை தெரிந்த மூத்தம்மாமார் சில வீடுகளிலாவது இருக்கிறார்கள். அவர்களிடம் உள்ளது எந்தப் பாடப் புத்தகத்திலும் முழுதாக இல்லை. அவர்கள் போனால் அதுவும் போய்விடும்.

கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர்ப் பாடசாலைகளின் ஆசிரியர்களிடமும் பெற்றோரிடமும் நான் கேட்பது இதுதான். வருகிற விடுமுறையில் ஒரு கிழமையைப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். சுபஹுக்குப் பின் கரைக்குக் கூட்டிப்போங்கள், அங்கே பிழைக்கிறவரிடம் பேச்சைக் கொடுங்கள், நீங்கள் பின்னுக்கு நில்லுங்கள். பெண்பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். உம்மாமார் தயங்கினால் மூத்தம்மாவையும் சேர்த்துக் கூட்டிப்போங்கள்.